ஒலி வேலைக்கு மேக்கா, விண்டோஸா, லினக்ஸா? மதுரை ஸ்டூடியோக்கள் முடிவெடுக்கும் முன் அறியவேண்டியவை

சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்துபவர்களுக்கு 2025-ஆம் ஆண்டு இரண்டு கெடு வைத்தது. அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், மேக்ஓஎஸ் 26 டஹோதான் இன்டெல் சிப் உள்ள மேக்குகளில் ஓடும் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது.

திருநகரிலும் கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் மாடி அறையைச் சத்தம் புகாமல் அடைத்து, குறும்பட டப்பிங், திருவிழா ஆவணப்படத்துக்கு மிக்ஸிங், குலசாமிப் பாட்டு, நகைக்கடை விளம்பரம் என்று செய்துவருபவர்களில் பலரிடம் இருப்பது எட்டு, பத்து வருடப் பழைய கணினிதான். புதிது வாங்கியே தீரவேண்டும் என்ற நிலையில், “மேக் இருந்தால்தான் புரொஃபஷனல் வேலை கிடைக்குமா?” என்ற கேள்வி மறுபடி கிளம்பியிருக்கிறது.

கேள்வியைக் கணினியிலிருந்து தொடங்கினால் விடை தப்பாகவே வரும். நம் அறைக்கு வேலை யாரிடமிருந்து, எந்த வடிவில் வருகிறது, முடிந்ததும் யாரிடம் போகிறது என்பது முதலில் தெளிவாகவேண்டும். அது தெரிந்தால் மென்பொருள் தானே முடிவாகும். மென்பொருள் முடிவானால் இயங்குதளம் முடிவாகும். எந்த மாடல், எவ்வளவு மெமரி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு கெடுக்களும் உண்மையில் என்ன சொல்கின்றன?

1. விண்டோஸ் 10 கணினி நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நிற்கிறது. தனிப்பட்ட பயனர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். பழைய கணினிகள் பல இங்கேதான் தேங்கி நிற்கின்றன.

2. 2020 நவம்பரில் எம்1 சிப்போடு ஆப்பிள் தொடங்கிய மாற்றம் இப்போது முடிவுக்கு வருகிறது. இன்டெல் மேக்குக்கு எழுதப்பட்ட பழைய பிளகின்களை, அதாவது ஒலி மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவிகளை, புதிய மேக்குகளில் ஓட்டித்தருவது ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு அடுக்கு. அது முழு அளவில் மேக்ஓஎஸ் 27 வரைதான் இருக்கும் என்று ஆப்பிள் சொல்லியிருக்கிறது. புதுப்பிக்கப்படாத பிளகின்களை நம்பி மிக்ஸ் செய்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

3. டஹோவில் ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் இணைப்புக்கான ஆதரவும் போய்விட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபயர்வயர் ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டியை) அடாப்டர் போட்டு ஓட்டிவந்தவர்கள் மேக்ஓஎஸ்ஸைப் புதுப்பிக்கும் முன் யோசிக்கவேண்டும்.

போஸ்ட் புரொடக்‌ஷனில் ஒலி வேலை எது?

படப்பிடிப்பில் பதிவான பைலட் டிராக் (டப்பிங்குக்கு வழிகாட்டும் ஒலி) அல்லது படத்திலேயே பயன்படப்போகும் சிங்க் சவுண்டைச் சுத்தம் செய்து அடுக்குவது டயலாக் எடிட்டிங். தேவைப்படும் வசனங்களை மறுபடி பேசவைத்துப் பதிவது டப்பிங். காலடி, துணி உரசல், பாத்திரச் சத்தம் இவற்றைப் படத்தைப் பார்த்தபடியே செய்து பதிவது ஃபோலே. சந்தை இரைச்சல், மழை, கோயில் மணி போன்றவை ஆம்பியன்ஸும் எஃபெக்ட்ஸும். ஆர்ஆர் எனப்படும் பின்னணி இசை தனியாக வந்து சேரும். இவை எல்லாம் வகைவாரியாக முதலில் கலக்கப்பட்டு (ப்ரீமிக்ஸ்), ஃபைனல் மிக்ஸில் ஒன்றுசேரும்.

பாட்டுப் பதிவிலிருந்து இது முக்கியமாக ஓரிடத்தில் வேறுபடுகிறது: எல்லாமே படத்தோடு கட்டுப்பட்டது. 48 கிலோஹெர்ட்ஸில் பதிவாகும் ஒலியில், விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தின் ஒரு ஃபிரேமுக்குள் சரியாக 2,000 சாம்பிள்கள் (ஒலியின் அளவீடுகள்) அடங்கும். 25 ஃபிரேம் என்றால் 1,920. எடிட்டர் 25-ல் வெட்டியதை நாம் 24-ல் திறந்தால், ரீல் ஓட ஓட உதடும் வசனமும் விலகிக்கொண்டே போகும். எந்தக் கணினி வாங்கினாலும் இந்தப் பிழை தானாகத் திருந்தாது.

மேக்கில் ஒலி நன்றாக இருக்குமா?

இருக்காது. மோசமாகவும் இருக்காது. ஒரே மென்பொருள், ஒரே செஷன் (வேலையின் டிராக்குகளும் அமைப்புகளும் அடங்கிய கோப்பு), ஒரே பிளகின்கள் என்றால் இரண்டு இயங்குதளங்களும் செய்வது ஒரே கூட்டல், பெருக்கல்தான். ஒலி மின் அலையாக மாறி ஸ்பீக்கருக்குப் போகும் இடம் ஆடியோ இன்டர்ஃபேஸ். அது கணினிக்கு வெளியே இருக்கிறது. சந்தேகம் இருந்தால், இரண்டு கணினிகளில் எடுத்த மிக்ஸ்களையும் ஒரே செஷனில் வைத்து, ஒன்றின் ஃபேஸைத் தலைகீழாக்கி, சேர்த்து ஓடவிட்டுப் பாருங்கள். கோரஸ், ரிவர்ப் போலத் தற்செயல் அசைவுள்ள பிளகின்கள் இல்லாத மிக்ஸ் என்றால் மிஞ்சுவது மௌனம்தான். ஒலித்தரத்துக்காக என்று ஒதுக்கிய பணம் அறையின் ஒலியடக்கத்துக்கும் ஸ்பீக்கருக்கும் போகட்டும்.

தடங்கல் எங்கிருந்து வருகிறது?

கணினி ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாக வாங்கி, கணக்குப்போட்டு, திருப்பிக் கொடுக்கிறது. மூட்டையின் அளவுக்குப் பெயர் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிவிநாடி, 1,024 என்றால் 21.3 மில்லிவிநாடி. உள்ளே வருவது, வெளியே போவது, இன்டர்ஃபேஸின் மாற்றும் நேரம் எல்லாம் சேரும்போது மொத்தத் தாமதம் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும்.

ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்டபடி டப்பிங் பேசுபவருக்கு இந்தத் தாமதம் உறுத்தும். மிக்ஸ் செய்பவருக்கு உறுத்தாது. அவர் பஃபரைப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம். இன்டர்ஃபேஸிலேயே நேரடி மானிட்டரிங் இருந்தால் பேசுபவரின் பிரச்சினையும் தீர்ந்துவிடும். ஆகவே மிகக் குறைந்த தாமதத்துக்காகவே விலையுயர்ந்த கணினி வாங்கவேண்டிய கட்டாயம் போஸ்ட் புரொடக்‌ஷனில் அநேகமாகக் கிடையாது.

மூன்று தளங்களும் இந்த மூட்டைகளைக் கையாளும் விதம் வேறு:

1. மேக்கில் கோர் ஆடியோ இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு இன்டர்ஃபேஸ்களைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் வசதியும் கூடவே வருகிறது. பெட்டியைத் திறந்த அன்றே வேலை தொடங்கலாம்.

2. விண்டோஸில் ஸ்டைன்பெர்க் 1990-களில் உருவாக்கிய ஏஎஸ்ஐஓ என்ற வழிதான் தொழில்முறை வேலைக்கு ஆதாரம். இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் எழுதும் ஏஎஸ்ஐஓ டிரைவர் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுதான் நம் நிம்மதியும். சடசடவென்று வெட்டு விழுந்தால் எல்லோரும் பிராசஸரைத் திட்டுவார்கள். ஆனால் பல நேரங்களில் காரணம் வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர், மின்சிக்கன அமைப்பு. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று காட்டிவிடும்.

3. லினக்ஸில் நிகழ்நேர இயக்கத்துக்கான வசதி பல ஆண்டுகள் தனி ஒட்டாக இருந்து, 2024-ல் வந்த 6.12 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முக்கிய நிரலோடு சேர்ந்தது. பைப்வயர், ஜாக் என்ற ஒலி மென்பொருள்கள் வழியாக நிலையாகவே ஓடும். அங்கே தடை வேறிடத்தில் இருக்கிறது, கீழே வருகிறேன்.

வட்டின் வேகம் பற்றிய பயமும் பெரும்பாலும் வீண். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ டிராக் ஒன்று விநாடிக்கு 1,44,000 பைட் கேட்கும். நூறு டிராக் ஒரே நேரத்தில் ஓடினாலும் 14.4 மெகாபைட்தான். சாதாரண எஸ்எஸ்டி இதைப் பல மடங்கு வேகத்தில் தரும். சுழலும் ஹார்ட் டிஸ்க் திணறக் காரணம் அளவல்ல, நூறு இடங்களுக்குத் தலை தாவித் தாவி ஓடுவது.

முடிவைத் தீர்மானிக்கும் இடம்: கொடுக்கல் வாங்கல்

மதுரையில் ஒலி வேலை செய்பவரின் நிலைமை சென்னையில் இருப்பவருடையதிலிருந்து வேறு. அங்கே செஷன் திறக்கவில்லை என்றால் அடுத்த தெருவுக்கு ஓடலாம். இங்கிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஹார்ட் டிஸ்க் போய்ச் சேர ஒரு ராத்திரி. திறக்கவில்லை என்றால் மிக்ஸிங் தியேட்டருக்குக் கட்டிய வாடகை போச்சு. ஆகவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

முதலில் வரவு. எடிட்டரிடமிருந்து டிராக்குகள் வருவது, வெட்டிய இடங்கள் மாறாமல் கொண்டுவரும் ஏஏஎஃப் அல்லது பழைய ஓஎம்எஃப் வடிவில். ஓஎம்எஃப்புக்கு 2 ஜிபி எல்லை உண்டு. முழுநீளப் படத்துக்குப் போதாது. எடிட்டிங் மென்பொருள்களான பிரீமியரிலிருந்தும் டாவின்சி ரிசால்விலிருந்தும் ஏஏஎஃப் எடுக்கலாம். அது மேக், விண்டோஸ் இரண்டிலும் திறக்கும். ஃபைனல் கட் புரோவில் வெட்டுபவரிடமிருந்துதான் சிக்கல் வரும்: அது நேரடியாக ஏஏஎஃப் தராது, எக்ஸ்டூபுரோ போன்ற தனி மென்பொருள் வேண்டும், அதுவும் மேக்கில்தான் ஓடும். நம்மிடம் மேக் இல்லையென்றால், மாற்றித்தரும் பொறுப்பை எடிட்டரிடமே ஒப்பந்தமாகப் பேசிக்கொள்ளவேண்டும்.

படம் வருவது ஆப்பிளின் புரோரெஸ் வீடியோ வடிவில் இருந்தால் முன்பு விண்டோஸில் திண்டாட்டம். அதைத் திறக்க உதவிய குவிக்டைமின் விண்டோஸ் பதிப்புக்கு ஆப்பிள் 2016-ல் ஆதரவை நிறுத்தியது. இன்று பெரும்பாலான மென்பொருள்கள் தாமாகவே புரோரெஸைத் திறக்கின்றன. ஆனாலும், டிஎன்எக்ஸ்ஹெச்டி என்ற வீடியோ வடிவில் கேட்டு வாங்குவது இரு தளத்துக்கும் பொதுவான பாதுகாப்பு.

அடுத்து செலவு, அதாவது நாம் அனுப்புவது. சென்னையின் மிக்ஸிங் தியேட்டர்களில் பெரும்பாலும் புரோ டூல்ஸ் என்ற ஒலி மென்பொருள்தான். விண்டோஸில் செய்த புரோ டூல்ஸ் செஷன் மேக்கில் அப்படியே திறக்கும். மேக்கில் செய்ததும் விண்டோஸில் திறக்கும். வழுக்கும் இடம் பிளகின். நாம் பயன்படுத்திய பிளகின் அங்கே இல்லாவிட்டால், அல்லது பதிப்பு வேறானால், அந்த டிராக் வெறுமையாகவே ஓடும். அதனால் சுத்தம் செய்த வசனத்தைப் பிளகினோடு எழுதி ஒரு டிராக், அசல் ஒரு டிராக் என்று இரண்டையும் அனுப்பும் பழக்கம் எந்த இயங்குதளத்தை விடவும் மேலானது.

ஆப்பிளின் ஒலி மென்பொருளான லாஜிக் புரோவில் செய்த புராஜெக்ட் மேக்கைத் தவிர வேறெங்கும் திறக்காது. 2002-ல் லாஜிக்கை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை வாங்கிய ஆப்பிள், லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பை அப்போதே நிறுத்திவிட்டது. ஆர்ஆர் செய்பவர் லாஜிக்கில் இருப்பது நமக்குப் பிரச்சினையில்லை. ஸ்டெம்களை, அதாவது வகைவாரியாகப் பிரித்த ஒலித் தடங்களை, பிராட்காஸ்ட் வேவ் கோப்புகளாக, நேர முத்திரையோடு தந்தால் போதும்.

டிஸ்க்கின் வடிவமும் இதில் சேரும். மேக்கின் ஏபிஎஃப்எஸ் டிஸ்க்கை விண்டோஸ் தானாகப் படிக்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் இரண்டும் எழுதும். ஆனால் வேலை நடக்கும் டிஸ்க்காக அதை வைக்காதீர்கள். மின்சாரம் போனாலோ, முறையாகக் கழற்றாமல் பிடுங்கினாலோ எளிதில் கெடும். ஊருக்கு அனுப்பும் டிஸ்க்குக்கு மட்டும் எக்ஸ்ஃபேட் போதும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

இது வெளிநாட்டுக் கையேடுகளில் வராத, நம்மை மட்டும் தாக்கும் சிக்கல்.

யூனிகோடில் “கோ” என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு முன்னால் வரும் இரட்டைக்கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனியாக. “கொ”, “கௌ” வகைகளுக்கும் இதே நிலை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். பழைய மேக்குகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் இந்தக் குறிகளைப் பிரித்தே சேமிக்கும். விண்டோஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும்.

விளைவு: விண்டோஸில் “கோரிப்பாளையம் டிராஃபிக்” என்று பெயரிட்ட கோப்பு ஒரு பழைய மேக் டிஸ்க் வழியாகப் போய்த் திரும்பிவந்தால், செஷன் அதைக் காணவில்லை என்று சொல்லலாம். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கோப்பு கண்முன்னே இருக்கும். 2017-ல் வந்த ஏபிஎஃப்எஸ் இரு வடிவத்தையும் ஒன்றாக அடையாளம் காண்கிறது என்றாலும், பழைய டிஸ்க்குகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

தாய்மொழியில் பெயர் வைக்க முடியாத நிலை வருத்தம் தருவதுதான். ஆனாலும் செஷனுக்குள் போகும் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும் என்பதே என் பரிந்துரை. பிராட்காஸ்ட் வேவ் கோப்பின் விளக்கக் குறிப்புப் பகுதியும் ஆங்கில எழுத்துகளுக்கே வடிவமைக்கப்பட்டது. தமிழ் விவரங்களைத் தனிப் பட்டியலில் எழுதி உடன் அனுப்பலாம்.

மென்பொருள் எதில் ஓடும்?

புரோ டூல்ஸ், நியூயெண்டோ இரண்டும் மேக்கிலும் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸில் இல்லை. ரீப்பர் மூன்றிலும் ஓடும்; தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் உரிமம் 60 டாலர். டாவின்சி ரிசால்வுக்குள் இருக்கும் ஒலிப் பகுதியான ஃபேர்லைட்டும் மூன்றிலும் ஓடும். ஆனால் லினக்ஸின் இலவசப் பதிப்பில் எச்.264 வீடியோ திறக்காது, எடிட்டர்கள் அனுப்பும் ரெஃபரன்ஸ் படமோ பெரும்பாலும் அதில்தான் வருகிறது. ஆர்டர் என்ற திறமூல மென்பொருள் லினக்ஸில் பிறந்தது, நன்றாக வளர்ந்திருக்கிறது.

லினக்ஸின் தடை இங்கேதான். வசனச் சுத்திகரிப்பில் பலரும் நம்பியிருக்கும் ஐசோடோப் ஆர்எக்ஸ் அதில் கிடையாது. பல பிளகின்களின் உரிமத்தைக் காக்கும் ஐலாக்கும் கிடையாது. தன் அறையிலேயே தொடங்கித் தன் அறையிலேயே முடியும் வேலைக்கு, உதாரணமாக ஒலிப்புத்தகம், கிராமியப் பாடல் ஆவணப்படுத்தல் போன்றவற்றுக்கு, லினக்ஸும் ரீப்பரும் மரியாதையான தேர்வு. சென்னைக்குச் செஷன் அனுப்புபவருக்கு அல்ல.

ஸ்னாப்டிராகன் சிப் உள்ள ஏஆர்எம் விண்டோஸ் லேப்டாப்கள் கடைகளில் வரிசைகட்டுகின்றன. சாதாரண மென்பொருளை அவை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவரை அப்படி ஓட்ட முடியாது. உங்கள் இன்டர்ஃபேஸுக்கு ஏஆர்எம் டிரைவர் இருப்பதைத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வெயில், மின்சாரம், பழுது

ஒலி புகாத அறையில் காற்றும் புகாது. சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, ஏசியை நிறுத்திவிட்டு மைக்கைத் திறந்தால் கணினியின் விசிறிச் சத்தம்தான் முதலில் பதிவாகும். இந்த இடத்தில் ஆப்பிள் சிப்புகளுக்குத் தெளிவான சாதகம் இருக்கிறது. 2024-ல் வந்த எம்4 மேக் மினி முழுப்பளுவில் எடுப்பது 65 வாட். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டவர் முந்நூறு, நானூறு வாட்டுக்குப் போகும். மின்சாரம் நின்றால் அதே யுபிஎஸ் மினியைப் பல மடங்கு நேரம் தாங்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் இன்வெர்ட்டரில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்த இன்வெர்ட்டர் சுத்தமான சைன் அலை தருவதாக இருக்கட்டும். மலிவான சதுர அலை வகை ஸ்பீக்கரில் இரைச்சலைக் கொண்டுவரும்.

பழுதில் கதை திரும்புகிறது. டவரில் பவர் சப்ளை போனால் டவுன்ஹால் ரோடு பக்கம் போய் அன்றைக்கே வாங்கி மாட்டலாம். மெமரியை அடுத்த வருடம் கூட்டிக்கொள்ளலாம். மேக்கில் மெமரி சிப்போடு சேர்ந்தது. வாங்கும் நாளில் எடுத்த அளவுதான் கடைசிவரை. போர்டு போனால் சர்வீஸ் மையம் சொல்லும் தேதிவரை காத்திருக்கவேண்டும். ஒரே கணினியை நம்பித் தொழில் செய்பவர்கள் மாற்றுக் கணினி ஒன்றுக்கும் கணக்குப் போட்டாகவேண்டும்.

யாருக்கு எது?

1. சென்னை தியேட்டர்களுக்கு டயலாக், எஃபெக்ட்ஸ் செஷன் அனுப்புபவர்: புரோ டூல்ஸ் முடிவு, தளம் இரண்டில் எதுவும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் மேக் மினியைச் சொல்வேன். வெளியானபோது 16 ஜிபி மெமரியோடு அதன் தொடக்க விலை 59,900 ரூபாய். உள்ளே இருக்கும் 256 ஜிபி-யை மென்பொருளுக்கு விட்டுவிட்டு, வேலைக்கு வெளி எஸ்எஸ்டி வைத்துக்கொள்ளலாம். பெரிய இசை லைப்ரரி ஓட்டுபவர் மட்டும் மெமரியைக் கூட்டி எடுக்கவேண்டும்.

2. விளம்பரம், பாட்டு, யூடியூப், அரங்க நாடக ஒலிக்கோர்வை என்று உள்ளூரிலேயே முடிப்பவர்: நல்ல விண்டோஸ் டவர், ரீப்பர் அல்லது ஃபேர்லைட். மீதிப் பணம் மைக்குக்கு.

3. ஏற்கெனவே விண்டோஸில் பிளகின்களும் பழக்கமும் சேர்த்துவைத்திருப்பவர்: மாறவேண்டாம். விண்டோஸ் 11 ஏற்கும் கணினி ஒன்று போதும். தளம் மாறுவதன் பெரிய செலவு, கை பழகிய வேகத்தை இழக்கும் அந்தச் சில மாதங்கள்.

4. சுற்றியும் மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் மிக்ஸ் செய்ய நினைப்பவர்: கணினி பற்றிய கேள்வியே இன்னும் வரவில்லை. 7.1.4 என்ற ஸ்பீக்கர் அமைப்புக்கு 12 ஸ்பீக்கர், அவற்றுக்கேற்ற அறை உயரம், அத்தனை அவுட்புட் உள்ள இன்டர்ஃபேஸ் முதலில்.

வாங்கும் முன் ஒரு சோதனை

நமக்கு அதிகம் வேலை தரும் எடிட்டரிடம் ஐந்து நிமிட ஏஏஎஃப்பும் படமும் கேட்டு வாங்குங்கள். வாங்க நினைக்கும் வகைக் கணினி வைத்திருக்கும் நண்பரிடம் போய்த் திறந்து, ஒரு காட்சியை முடித்து, செஷனைச் சென்னையில் உள்ள மிக்ஸிங் இன்ஜினியருக்கு அனுப்பித் திறந்துபார்க்கச் சொல்லுங்கள். சிங்க், ஃபேட் (ஒலி மெல்ல ஏறி இறங்கும் இடங்கள்), டிராக் பெயர், பிளகின் நான்கும் சரியாக வந்திருந்தால் பணத்தைக் கட்டலாம்.

பழைய கணினியை உடனே விற்கவேண்டாம். இணையத்தைத் துண்டித்து வைத்தால் விண்டோஸ் 10 கெடு அதை அவசரப்படுத்தாது. இணையம் வழியாக உரிமம் சரிபார்க்கும் மென்பொருள்கள் மட்டும் அவ்வப்போது முரண்டுபிடிக்கும். அதற்குள் பழைய செஷன்களை ஒவ்வொன்றாகத் திறந்து, வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்று ஸ்டெம்களாக எழுதி, இரண்டு டிஸ்க்குகளில் வைத்துவிடுங்கள். புதிய கணினியில் அந்தப் பழைய பிளகின்கள் ஓடாமல் போனாலும், தயாரிப்பாளர் மூன்று வருடம் கழித்து வந்து தெலுங்கு டப்பிங்குக்கு இசையும் எஃபெக்ட்ஸும் தனியாகக் கேட்டால் எடுத்துக்கொடுக்க முடியும்.